இ.எஸ்.ஐ. விபத்துப் பணப்பலன் நிறுத்தம்: உத்தரவு நகல் இருந்தால் உதவுங்கள்

தோழர்களே, 2023-இல் பவர் பிரஸ்ஸில் (தகடு அழுத்தும் இயந்திரம்) விரல்கள் நசுங்கிய அம்பத்தூர் தொழிலாளி ஒருவருக்காகக் கேட்கிறோம். இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டிலிருந்து தற்காலிக ஊனப் பலன், அதாவது சராசரி தினக்கூலியில் 90 விழுக்காடு, வந்துகொண்டிருந்தது. டாக்டரிடம் சொல்லாமல் 17 நாள் சொந்த ஊருக்குப் போய்விட்டார். 'மறு உத்தரவு வரை' என்று இ.எஸ்.ஐ. அலுவலகத்தில் பலனை நிறுத்திவிட்டார்கள்.

அப்போது நடைமுறையில் இருந்த 1948 இ.எஸ்.ஐ. சட்டத்தின் 64-ஆம் பிரிவின்படி, அனுமதியில்லாமல் சிகிச்சைப் பகுதியை விட்டுப் போனது தவறுதான். அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சட்டத்தின் கீழ் வந்த பொது ஒழுங்குமுறை 99, இத்தனை நாளுக்கு என்று கணக்கிட்டுத்தான் நிறுத்தச் சொல்கிறது. முடிவுநாள் இல்லாத நிறுத்தத்துக்கு அதில் இடமில்லை என்பதே எங்கள் வாசிப்பு. மூன்று பிள்ளைகள் இருக்கும் வீடு, வேறு வருமானம் கிடையாது.

நாட்களைக் குறிப்பிட்டுப் போட்ட நிறுத்த உத்தரவின் நகல் யாரிடமாவது இருக்கிறதா? பெயர், காப்பீட்டு எண்ணை மறைத்து அனுப்புங்கள். அதே சட்டத்தின் 75-ஆம் பிரிவில் இ.எஸ்.ஐ. நீதிமன்றத்துக்குப் போன மனுவின் மாதிரியும் வேண்டும். அதற்குக் கெடு மூன்று ஆண்டுதான்.

மருத்துவச் சான்றிதழ்களில் அந்த 17 நாள் மட்டும் இடைவெளி விழுந்திருக்கிறது. ஊரில் தனியார் மருத்துவமனையில் கட்டு மாற்றிய சீட்டுகள் உள்ளன. அவற்றை வைத்து அப்படிப்பட்ட நாட்களுக்கான பலனையும் யாராவது மீட்டிருக்கிறீர்களா?