வசனம் கேட்கவில்லை, பாட்டு வந்தால் ஜன்னல் அதிர்கிறது. என்ன ஸ்பீக்கர் வாங்கலாம்?

ஸ்ரீரங்கம் புதுவீடு:

வணக்கம். வீடு கட்டிக் குடிவந்து எட்டு மாதம் ஆகிறது. ஹால் 12க்கு 15 அடி, உயரம் 10 அடி. தரை முழுக்க விட்ரிஃபைடு டைல்ஸ். இடப்பக்கம் சுவர், வலப்பக்கம் திறந்து டைனிங் ஹாலோடு சேர்ந்துவிடுகிறது. டிவி 12 அடிச் சுவரில், சோபா நேர் எதிரே சுவரை ஒட்டி.

பழைய வாடகை வீட்டிலிருந்து வந்த 5.1 செட் (ஐந்து ஸ்பீக்கர், பேஸுக்கென்று ஒரு சப்வூஃபர்) ஒன்று இருக்கிறது. அட்டைப்பெட்டியில் ஆயிரத்துச் சொச்சம் வாட் என்று போட்டிருந்தது. அங்கே ஒழுங்காகத்தான் பாடியது. இங்கே வந்ததிலிருந்து பேச்சு புரியவே மாட்டேன் என்கிறது. அப்பாவுக்கு 74 வயது, ரிமோட் அவர் மடியில்தான். யாராவது பேச ஆரம்பித்தால் 32 வரை ஏற்றுவார். அடுத்த நிமிஷம் பாட்டு வந்தால் ஜன்னல் கண்ணாடி அதிரும். அடுப்படியிலிருந்து அம்மாவின் சத்தம் அதைவிடப் பலமாக வரும்.

ஒரு லட்சம் வரை செலவழிக்கலாம் என்று இருக்கிறேன். கடையில் 7.1 போடுங்கள், மேலே அட்மாஸும் (தலைக்கு மேலிருந்து சத்தம் தரும் ஸ்பீக்கர்) வைத்துவிடலாம் என்கிறார்கள். ஸ்பீக்கர் ஒயருக்குச் சுவருக்குள் பைப் பதிக்காமல் விட்டது என் தப்பு. அமெரிக்காவிலிருந்து மச்சான் பொங்கலுக்கு வருகிறார். ஸ்பீக்கர்களை ஓட்டும் ஆம்ப்ளிஃபையர் பெட்டியான ரிசீவரை அங்கேயே வாங்கி வரச் சொல்லலாமா?

சால்டரிங் தாத்தா:

தம்பி, கடைக்காரர் சொன்னதை ஒரு வாரம் மறந்துவிடுங்கள். ஹால் நடுவில் நின்று பலமாக ஒரு கைதட்டுங்கள். தட்டிய பிறகும் 'டிர்ர்ர்' என்று ஒரு வால் நீளும். அந்த வால்தான் வசனத்தைத் தின்கிறது. பேச்சு புரிவதே க, ச, த, ப என்ற வல்லினங்களால். அவை டைல்ஸிலும் காரைச் சுவரிலும் பட்டுத் திரும்பி ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன. வயதானால் காதில் முதலில் குறைவதும் அந்த எழுத்துகள் ஒலிக்கும் மேல்ஸ்தாயிதான். ஆக, அப்பா மேல் குற்றமில்லை.

வீட்டில் இலவம்பஞ்சு மெத்தை இருந்தால் இரண்டை எடுத்து சோபாவுக்குப் பின்னால் சுவரில் நிறுத்துங்கள். பவானி ஜமக்காளம் போதாது, அது மெல்லிசு. மெத்தையோடு ஒரு நாள் செய்தி கேட்டுப் பாருங்கள். பிறகு கடைக்குப் போகலாம்.

ஒரு பழைய கதை. எண்பதுகளில் பஸ்ஸிலிருந்து கழற்றிய எட்டு இன்ச் ஸ்பீக்கரை மண்பானை வாயில் வைத்துப் பாட்டுக் கேட்டவன் நான். ஊரே அப்படித்தான் கேட்டது. பேஸ் கும்மென்று வரும். ஆனால் எந்தப் பாட்டைப் போட்டாலும் பானை தன்னுடைய ஒரே சுருதியைத்தான் பாடும். உங்கள் ஹாலும் ஒரு பானைதான். 15 அடி நீளத்துக்கு அது கும்முவது ஏறக்குறைய 37 ஹெர்ட்ஸில், அந்தக் கும்மல் மிகப் பலமாக இருப்பது சுவர் ஓரத்தில். சோபாவைப் போட்டிருப்பதும் சரியாக அங்கேதான்! இரண்டடி முன்னால் தள்ளுங்கள்.

அப்புறம் சப்வூஃபரைத் தூக்கி சோபாவில் உட்கார வைத்து, பேஸ் அதிகமுள்ள பாட்டைப் போட்டுவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போங்கள். எங்கே கும்மாமல் சீராகக் கேட்கிறதோ அங்கே சப்பை வையுங்கள். வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

வாங்குவதென்றால் இப்போதைக்கு 3.1 போதும். இடம், வலம், நடுவில் சென்டர், ஒரு சப். சினிமாவில் பேச்சு பெரும்பாலும் சென்டரில்தான் வருகிறது, ஆனால் பெட்டி செட்டுகளில் இருப்பதிலேயே நோஞ்சான் அதுதான். முன்பக்கம் மூன்றும் ஒரே வரிசை மாடலாக வாங்குங்கள். சென்டரை டிவி ஸ்டாண்டுக்குள் ஆழமாகத் தள்ளாமல் பலகை விளிம்புவரை இழுத்து, மூக்கைக் காது உயரத்துக்குச் சற்றே தூக்கி வையுங்கள். பின்பக்கச் சரவுண்டு பக்கவாட்டில், காதுக்குக் கொஞ்சம் பின்னால், 110 டிகிரி வாக்கில் வரவேண்டும். உங்களுக்கு வலப்பக்கம் சுவரே இல்லை, எங்கே மாட்டுவீர்கள்? ரிசீவரில் 'சரவுண்டு இல்லை' என்று சொல்லிவிட்டால் அந்தச் சத்தத்தையும் முன்பக்கமே தந்துவிடும்.

வாட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள். வாட் இரட்டித்தால் கூடுவது வெறும் 3 டெசிபல். காதுக்கு இரண்டு மடங்காகத் தெரிய ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். டெனான் ஏவிஆர்-எக்ஸ்1700எச் மாதிரி உருப்படியான ரிசீவரே சேனலுக்கு (ஒரு ஸ்பீக்கருக்கு) 80 வாட் என்றுதான் போடுகிறது, அதுவும் இரண்டு சேனல் மட்டும் ஓடும்போது. ஆயிரம் வாட் ஸ்டிக்கரைக் கிழித்துக் குப்பையில் போடுங்கள்.

எர்த் பின்:

தாத்தா சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. மச்சான் விஷயம் மட்டும் சொல்கிறேன்: வேண்டாம். அங்கே 120 வோல்ட், இங்கே 230. எங்கள் சித்தப்பா ஆசையாகத் தூக்கி வந்த ஒன்றை நேராகப் பிளக்கில் சொருகினோம். ஒரு 'பட்', கொஞ்சம் புகை, அவ்வளவுதான். வோல்டேஜைக் குறைக்கும் ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைக்கலாம், ஆனால் அது ஒரு மூலையில் உறுமிக்கொண்டே கிடக்கும். வாரண்டியும் இங்கே செல்லாது.

ஒயர் 1.5 ஸ்கொயர் எம்எம் செம்பு, உங்கள் ஹாலுக்குத் தாராளம். கத்தியால் ஒரு இழையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் செம்பு பூசிய அலுமினியம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஐப்பசி மழையில் இடி இடித்தால் பிளக்கை மட்டுமல்ல, கேபிள் டிவி ஒயரையும் பிடுங்கி வையுங்கள்.

மூன்றாம் மாடி, கோவை:

இவ்வளவும் பேசினோம், யாரும் ஒன்று கேட்கவில்லையே. டிவியிலிருந்து அந்த செட்டுக்கு எந்த ஒயர் போகிறது? சிவப்பு வெள்ளை ஒயர் என்றால் அதில் போவது இரண்டே சேனல். சென்டருக்கென்று தனியாக எதுவுமே போகாது, செட்டே ஊகித்துப் பிரித்துக் கொடுத்தால்தான் உண்டு. 5.1 சத்தத்தை அப்படியே அனுப்பக்கூடிய ஆப்டிகல் துவாரமோ எச்டிஎம்ஐ ஏஆர்சி துவாரமோ இருக்கிறதா என்று பின்பக்கம் பாருங்கள். இருந்தால் செட்டிங்கில் சென்டரை 3 டெசிபல் கூட்டி, நைட் மோடையும் போட்டுவிடுங்கள், பேச்சுக்கும் சண்டைக்கும் நடுவிலுள்ள மேடுபள்ளம் குறையும். எங்கள் மாமியாருக்கு இதிலேயே தீர்ந்துவிட்டது.

ஸ்ரீரங்கம் புதுவீடு:

எல்லோருக்கும் நன்றி. ஒயர் சிவப்பு வெள்ளைதான், கோவை அம்மா! நான்கு வருஷமாக அப்படியே ஓடியிருக்கிறது. ஆப்டிகல் துவாரம் இருந்தது, பிளாஸ்டிக் மூடியைக்கூட யாரும் கழற்றியதில்லை. புது ஒயர் 350 ரூபாய்.

மெத்தையும் வைத்தேன், சோபாவையும் தள்ளினேன். அப்பா இப்போது 24ல் பார்க்கிறார். தவழ்வது மட்டும் பாக்கி. மச்சானிடம் ரிசீவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மூன்று ஸ்பீக்கரும் தீபாவளி போனஸ் வந்ததும். மெத்தைக்குப் பதிலாக நிரந்தரமாக என்ன போடலாம் தாத்தா? அதன் மேல்தான் அப்பா மதியம் தூங்குவார்.

சால்டரிங் தாத்தா:

புத்தக அலமாரி. இல்லாவிட்டால் கனமான திரைத்துணி, சுவர் அகலத்துக்கு இரண்டு மடங்கு எடுத்து மடிப்பு மடிப்பாகத் தொங்கவிடுங்கள். மெத்தையை இன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.