ஆல்டோவுக்கு நானே செய்த குளிர்காற்றுக் குழாய், ஐட்லிங் சீராக நிற்கவில்லை

பாளையங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். வண்டி 2009 ஆல்டோ, 796 சிசி, மூன்று சிலிண்டர், பெட்ரோல். போன மாதம் ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு, இரண்டரை இன்ச் பிவிசி பைப்பை முன் பம்பருக்குள் இறக்கி, நுனியில் கோன் ஃபில்டர் மாட்டினேன். நம்ம ஊர் வெயிலில் பானட்டுக்குள் இருக்கிற சுடுகாற்றை இன்ஜின் உறிஞ்ச வேண்டாமே என்றுதான்.

வள்ளியூர் போகும் நாற்கர சாலையில் வண்டி பறக்கிறது (சத்தத்தால் அப்படித் தோன்றுகிறதோ என்னவோ). வண்ணார்பேட்டை சிக்னலில் நின்றால் ஐட்லிங் ஏறி இறங்கி, சில நேரம் அணைந்தே போகிறது. பாபநாசத்துக்கு மேலே காரையாறு ஏற்றத்தில் இரண்டாவது கியரில்கூட இழுவை இல்லை. செக் இன்ஜின் விளக்கு எரியவில்லை.

கிளாம்ப் எல்லாம் இறுக்கியாச்சு. காற்றுக் கசிவு இருக்கிறதா என்று மூட்டுகளில் கார்ப் கிளீனர் அடித்துப் பார்த்தேன், ஆர்பிஎம் மாறவில்லை. த்ராட்டில் பாடியைத் துடைத்தேன், இன்ஜின் கம்ப்யூட்டர் ரீசெட் ஆகட்டும் என்று பேட்டரி வயரை ஒரு ராத்திரி கழற்றி வைத்தேன். பழைய பெட்டியைத் திரும்ப மாட்டினால் எல்லாம் சரி. இதில் காற்றின் அளவைப் பார்க்கும் எம்ஏஎஃப் சென்சார் கிடையாது, உள்ளே போகும் காற்றின் அழுத்தத்தைப் பார்க்கும் மேப் சென்சார்தான். அதனால் பைப் அளவு கணக்கைக் குழப்பாது என்று நினைத்தேன். ஒன்று மட்டும் உறுத்துகிறது: இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்ற ஃபில்டர் பெட்டிக்குப் போன பிரீதர் ஹோஸை எங்கும் சேர்க்காமல், வாயில் துணி கட்டி விட்டிருக்கிறேன்.

குறை அந்த ஹோஸிலா, இல்லை பைப்பின் நீளம், அகலத்திலா?