சேக்காளிகளை விடாமல் புகையிலையை மட்டும் விட முடியுமா?

படித்துறைப் பையன் கேட்கிறார்:

வயது 17, பிளஸ் டூ. ஊர் கல்லிடைக்குறிச்சி. சாயங்காலம் வாலிபால் முடிந்ததும் ஆறு பேராக ஆற்றுப் படித்துறையில் உட்காருவோம். போன ஆடி மாதம் ஒரு மேட்ச் தோற்றுவிட்டு வந்த அன்று, ஒருத்தன் சின்னப் புகையிலைப் பை ஒன்றைக் கையில் வைத்தான். "உதட்டுக்குள்ள அமுக்கி வையில, ஜில்லுன்னு இருக்கும்." வைத்தேன். தலை சுற்றி, படியிலேயே வாந்தி. எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த வாரம் வாந்தி வரவில்லை. இப்போது ஒரு நாளைக்கு மூன்று.

கணக்கு வகுப்பில் அது இல்லாமல் உட்கார முடியவில்லை. முந்தாநாள் சட்னி தண்ணியாக இருக்கிறது என்று அம்மாவிடம் கத்திவிட்டேன். அம்மா வீட்டில் அப்பளம் போடுகிறாள், கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது நான். அந்தக் காசில்தான் எடுக்கிறேன். அதுதான் ரொம்ப உறுத்துகிறது.

இரண்டு முறை விட்டுப் பார்த்தேன். படித்துறைக்குப் போனதும் நீட்டுகிறார்கள். வேண்டாம் என்றால் "என்னல, சாமியாராயிட்டியா?"

அவன்களை விட்டுவிடு என்று மட்டும் சொல்லாதீர்கள். ராத்திரி ஒரு மணிக்கு அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது வண்டி பிடித்து பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனது அவன்கள்தான்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:

தம்பி, கெட்ட சகவாசத்தை விடு. நன்றாகப் படி. எல்லாம் சரியாகும்.

படித்துறைப் பையன்:

அதைத்தான் வேண்டாம் என்றேன் ஐயா.

பேட்டை லேத்காரன்:

தம்பி, எனக்கு 31 வயது. உன் வயதில் உன்னை மாதிரியே ஆரம்பித்தேன், அப்புறம் பாக்கு கலந்த மசாலாவுக்குப் போனேன். அக்கா கல்யாணத்து மறுவீட்டுப் பந்தியில்தான் மாட்டினேன். சொதி ஊற்றி, இஞ்சித் துவையலைத் தொட்டு வாயில் வைத்ததும் தீயை வைத்த மாதிரி எரிந்தது. மாப்பிள்ளை வீட்டார் எதிரே கண்ணில் பொலபொலவென்று தண்ணீர். தங்கை பிரிவதற்கு அழுகிற அண்ணன் என்று நினைத்தார்களாம். நான் தம்பி என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை! டாக்டர் மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வாய்க்குள் விடச் சொன்னார். இரண்டுதான் போனது. பாக்கு வாயின் உள்தோலை நாராக இறுக்கிவிடும். போனது முழுசாகத் திரும்பாது. இன்னமும் பெரிய உருண்டையாக உருட்டிச் சாப்பிட முடியாது.

சரி, உன் படித்துறை விஷயத்துக்கு வருகிறேன். நீ செய்கிற தப்பு, காரணம் சொல்வது. "உடம்புக்கு ஆகாது, அம்மா திட்டும்" என்றால் அவன் ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருப்பான். "வேண்டாம்ல" என்று மட்டும் சொல். திரும்பக் கேட்டால் திரும்பவும் அதே "வேண்டாம்ல." முகத்தைச் சுளிக்காதே, பேச்சை உடனே மேட்சுக்குத் திருப்பு. நான்காம் நாள் கேட்கிறவனுக்கே சலித்துவிடும்.

இன்னொன்று, உட்காராதே. போனதும் சட்டையைக் கழற்றி ஆற்றில் இறங்கு. நீந்துகிறவன் வாயில் எவனும் பையைத் திணிக்க முடியாது. (வெள்ளம் வருகிற நாளில் இதைச் செய்து தொலைக்காதே.)

ஆறு பேரில் எவனுக்காவது உள்ளுக்குள் உன்னை மாதிரியே இருக்கும். கூட்டத்தில் வைத்துக் கேட்காதே, அங்கே எல்லாரும் வீரன்தான். வீட்டுக்குத் திரும்பும்போது தனியாக நடக்கையில் சொல். என் லேத் பட்டறையில் நான் அப்படிச் சொன்னபோது, அதுவரை எனக்கு வாங்கிக் கொடுத்தவனே "நானும் விடணும்னு பார்க்கேன்" என்றான்.

பல் ஆஸ்பத்திரி நர்ஸ்:

தம்பி, முதல் நாள் வந்த வாந்தி, புகையிலையில் இருக்கிற நிக்கோட்டினை உன் உடம்பு விஷமாக எடுத்துக்கொண்டது. வாந்தி நின்றது, பழகிவிட்டதற்கு அடையாளம். அம்மாவிடம் கத்தியது உன் குணம் மாறியதால் அல்ல, பை இல்லாத நேரத்தில் மூளை நிக்கோட்டின் கேட்டுத் தவிக்கிற தவிப்பு அது. மூளை 25 வயது வரைக்கும் வளர்ந்துகொண்டிருக்கும், அதனால் சின்ன வயதில் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறது.

விட்டபின் இரண்டாம், மூன்றாம் நாள்தான் மோசம். எரிச்சல், தலைவலி, தூக்கமின்மை வரும். இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கும். ஒவ்வொரு தவிப்பும் சில நிமிடம்தான், அதுவரை தண்ணீர் குடி, வறுத்த கடலை மெல்லு. தனியாக முடியாவிட்டால் 1800-11-2356 என்ற இலவச எண்ணில் புகையிலையை விட உதவுகிறார்கள். மனசு ரொம்பக் கனத்தால் 14416 என்ற மனநல உதவி எண்ணில் பேசு.

கண்ணாடி முன்னால் நின்று கீழ் உதட்டை இழுத்துப் பார். பை வைக்கும் இடத்தில் வெள்ளைத் திட்டு இருந்தாலோ ஈறு இறங்கியிருந்தாலோ டாக்டரிடம் காட்டு.

பெட்டிக்கடை அண்ணாச்சி:

18 வயது ஆகாதவனுக்குப் புகையிலை விற்கக்கூடாது, பள்ளிக்கூடத்தைச் சுற்றி 100 கெஜத்துக்குள் யாருக்குமே விற்கக்கூடாது என்று 2003 சட்டம் இருக்கிறது. குட்காவுக்கு 2013-லிருந்து தமிழ்நாட்டில் தடை. உனக்கு விற்கிறவன் உன்னைவிடப் பெரிய தப்பு செய்கிறான். நானும் முன்பு விற்றவன்தான், அதனால் சொல்கிறேன். பாக்கி வைத்திருந்தால் கொடுத்துத் தீர்த்துவிட்டு அந்தக் கடைப் பக்கமே போகாதே.

படித்துறைப் பையன் (பன்னிரண்டு நாள் கழித்து):

மூன்றாம் நாள் நர்ஸ் அக்கா சொன்ன மாதிரியே தலை பிளந்தது, வகுப்பில் தூங்கிவிட்டேன். ஐந்தாம் நாள் மேட்ச் ஜெயித்த சந்தோஷத்தில் ஒன்று வைத்துவிட்டேன். மறுநாள் மறுபடியும் முதலிலிருந்து. அதற்கப்புறம் இல்லை.

தனியாக நடக்கும்போது ஒருத்தனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் வந்தான். அப்புறம் "எனக்கும் உதடு எரியுதுல" என்றான். இப்போது நாங்கள் இரண்டு பேரும் நேராகத் தண்ணீரில் இறங்குகிறோம். மற்ற நாலு பேர் இன்னும் படியில்தான்.

வெள்ளைத் திட்டு இல்லை அக்கா, ஆனால் ஈறு இறங்கியிருக்கிற மாதிரி தெரிகிறது. சனிக்கிழமை காட்டப் போகிறேன். அப்பளக் காசு விஷயத்தை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.