'வரித் தாக்குதல்', 'போர்க்கால அடிப்படை': எதை விடலாம், எதை வெட்டலாம்?

கேள்வி (திருத்துநர்): பொருளாதாரச் செய்திகளில் 'பணவீக்கத்துக்கு எதிரான போர்', 'வரித் தாக்குதல்', 'பதிலடி' என்று போர் உருவகம் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. மொத்தமாக நீக்கினால் நடை சப்பென்று ஆகிவிடுகிறது. எந்த அளவுகோலை வைத்துக் கழிப்பது? (பதில் சொல்பவர்கள் சுங்கவரி, நலத்திட்டம், செய்திமேசை என்று அவரவர் துறையின் பெயரால் குறிக்கப்படுகிறார்கள்.)

சுங்கவரி: 'தேர்தல் களம்', 'கோட்டை' போன்றவை தேய்ந்துபோனவை, விட்டுவிடுங்கள். வாசகரின் கணக்கைத் தப்பாக்கும் உருவகம்தான் ஆபத்து. தாக்குதல் என்றால் அடி எதிராளிக்கு விழும் என்றுதான் படிப்பவர் நினைப்பார். ஆனால் இறக்குமதி வரியைச் சுங்கத்தில் கட்டுவது வரி போட்ட நாட்டின் இறக்குமதியாளர். 2018 ஜூலையில் 3,400 கோடி டாலர் மதிப்புள்ள சீனப் பொருள்களுக்கு அமெரிக்கா 25% வரி போட்டது. சீனாவும் சோயாபீன்ஸ் உட்பட அதே மதிப்புள்ள அமெரிக்கப் பொருள்களுக்கு வரி போட்டது. அந்த மாதமே அமெரிக்க அரசு தன் விவசாயிகளுக்கு 1,200 கோடி டாலர் வரை உதவி அறிவிக்க வேண்டிவந்தது. 'சீனா மீது வரித் தாக்குதல்' என்ற தலைப்பில் இதில் எதுவுமே தெரியாது. 'சீனப் பொருள்களுக்கு 25% வரி' என்று போடுங்கள். யார் கட்டுவது என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள்.

நலத்திட்டம்: இன்னொரு சோதனை: இந்தப் 'போர்' எப்போது முடியும்? அமெரிக்க அதிபர் ஜான்சன் 1964 ஜனவரியில் வறுமை மீது போர் அறிவித்தார். வறுமை சரணடையாது. அதனால் 1988இல் அப்போதைய அதிபர் ரீகன் 'வறுமை ஜெயித்துவிட்டது' என்று ஒரே வரியில் முடித்துவிட முடிந்தது. ஏழைகளுக்கான உணவு வில்லை, முதியோருக்கான மருத்துவக் காப்பீடு என்று தனித்தனியே எது பலன் தந்தது என்ற கேள்வி வெற்றி தோல்விப் பேச்சில் அடிபட்டுப் போனது. 'போதைப்பொருள் மீது போர்' என்பது இன்னும் மோசம். பொருளோடு போர் நடத்த முடியாது, பிடிபடுவது ஆள்தான்.

செய்திமேசை: 'போர்க்கால அடிப்படையில் பணிகள்' என்று அறிக்கை வந்தால் மூன்று கேட்க வேண்டும்: எத்தனை பேர், எவ்வளவு பணம், எந்தத் தேதிக்குள். பதில் கிடைத்தால் அதையே எழுதுங்கள். கிடைக்காவிட்டால் அந்தத் தொடரை வெட்டிவிடுங்கள். தலைவர் பேசியதை மட்டும் மாற்றக் கூடாது. மேற்கோள் குறிக்குள், அவர் பெயரோடு நிற்கட்டும்.

திருத்துநர்: 'பதிலடி'யை என்ன செய்வது?

சுங்கவரி: இன்ன வரிக்குப் பதிலாகத்தான் இது என்று அந்த அரசே அறிவித்திருந்தால் 'பதில் வரி' போதும். அறிவிக்காவிட்டால் அதுவும் வேண்டாம். இரண்டு தேதிகளையும் கொடுத்துவிடுங்கள்.