முறிந்த கால் நீளம், முறியாத கால் குட்டை: 5 வயதுப் பையனுக்கு இது எப்படி?

கேள்வி (பிசியோதெரபிஸ்ட்):
3 வயதில் வலது தொடை எலும்பு நடுவில் முறிந்து மாவுக்கட்டில் சேர்ந்த பையன். இப்போது 5 வயது, வலி இல்லை. நிற்கும்போது இடுப்பு இடப்பக்கம் இறங்குகிறது. கால் நீள வித்தியாசத்தை டேப்பில் அளந்தால் ஒரு முறை 1 செ.மீ., மறுமுறை 2 செ.மீ. காட்டுகிறது. முறியாத இடது கால் குட்டையாவது ஏன்? ஷூவில் உயரம் கூட்டும் பேட் வைக்கலாமா?

மறுமொழி 1:
முதலில் அளவைச் சரிபாருங்கள். முழங்கால் முழுசாக நீளாவிட்டாலோ, தொடை ஒரு பக்கம் இழுத்திருந்தாலோ டேப் ஏமாற்றும். பையனை முழங்கால் மடங்காமல் நிற்கவைத்து, இடது பாதத்துக்கடியில் 5 மி.மீ. பலகைகளை ஒவ்வொன்றாகச் சேருங்கள். இடுப்பெலும்பின் மேல்விளிம்புகள் இரண்டும் சமமாகும்போது உள்ள உயரம்தான் வித்தியாசம். பிறகு மல்லாக்கப் படுக்கவைத்து இரு தொடைகளையும் செங்குத்தாக மடக்குங்கள். ஒரு முழங்கால் தாழ்ந்திருந்தால் வித்தியாசம் தொடையில், அல்லது அந்தப் பக்க இடுப்பு மூட்டு விலகியிருக்கிறது.

மறுமொழி 2 (எலும்பு மருத்துவம்):
குட்டையானது இடது கால் அல்ல, வலது கால் கூடுதலாக வளர்ந்திருக்கிறது. முறிவு ஆறும்போது ரத்த ஓட்டம் கூடுவதால் எலும்பு முனைகளிலுள்ள வளர்தட்டுகள் (எலும்பு நீளும் இடங்கள்) வேகம் பிடிக்கும். 2 முதல் 10 வயதுவரை தொடை எலும்பு நடுவில் முறிந்தால் 1 செ.மீ. அளவுக்கு நீள்வது சகஜம். பெரும்பகுதி முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் நடந்து நின்றுவிடும். இதற்காகவே இந்த வயதில் முறிந்த முனைகள் ஒன்றன்மேல் ஒன்று சற்று ஏறியபடியே மாவுக்கட்டு போடுவதுண்டு.

கவலைப்பட வேண்டியது வேறு வகை. முறிவு வளர்தட்டையே கடந்தாலோ, பச்சிளம் பருவத்தில் மூட்டில் சீழ் பிடித்திருந்தாலோ வளர்ச்சி நின்றுபோகலாம். முழங்காலுக்கு மேலுள்ள தட்டு ஆண்டுக்குச் சுமார் 1 செ.மீ., கீழுள்ளது 6 மி.மீ. வளரும். பையன்களுக்கு ஏறத்தாழ 16 வயதுவரை வளர்ச்சி உண்டு. 5 வயதில் மேல்தட்டு முழுசாக நின்றால் கடைசியில் 10 செ.மீ.க்கு மேல் குறையும். பாதி மட்டும் நின்றால் கால் கோணும். எனவே அத்தகைய முறிவுக்கு 6 மாதத்தில் மறு எக்ஸ்ரே கட்டாயம்.

மறுமொழி 3:
காலோடு அதே பக்கக் கையும் பருத்திருக்கிறதா என்று பாருங்கள். அப்படியிருந்தால் முறிவின்மேல் பழிபோட்டு விட்டுவிடாதீர்கள். ஒருபக்க மிகைவளர்ச்சி உள்ள குழந்தைகளுக்குச் சிறுநீரகக் கட்டி வரும் வாய்ப்பு கூடுதல். 7 வயதுவரை 3 மாதத்துக்கொருமுறை வயிற்று ஸ்கேன் எடுப்பது வழக்கம். முழங்கால் வீங்கி, காலையில் விறைத்தால் மூட்டுவாதமாக இருக்கலாம். சின்ன வயதில் அதுவும் காலை நீளமாக்கும்.

மறுமொழி 2 (தொடர்ச்சி):
2 செ.மீ.க்குக் கீழே, தொந்தரவும் இல்லையென்றால் பேட் தேவையில்லை. வைப்பதானால் இடது ஷூவில். உள்ளே 1 செ.மீ.க்கு மேல் போனால் குதிகால் வெளியே வந்துவிடும், மிச்சத்தை ஷூவின் அடிப்பாகத்தில் ஏற்றுங்கள். 6 மாதத்துக்கொருமுறை பலகை அளவைத் தேதியோடு குறித்துவையுங்கள். கூடிக்கொண்டே போனால், முழங்கால் சில்லு நேர் முன்னே பார்க்க, குட்டைக் காலடியில் பலகையோடு நிற்கவைத்து முழுக்கால் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். வித்தியாசம் 2 முதல் 5 செ.மீ. வரை வருமானால், நீளக் காலின் வளர்தட்டை உரிய வயதில் நிறுத்தலாம்; அந்த வயது தவறினால் அந்த வழியே கிடையாது.