சிங்கப்பூர் தக்காஷிமாயா: சைவம் மட்டுமே உண்ணும் அம்மாவோடு செல்வது பற்றி ஆலோசனை தேவை

திருநகர்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அடுத்த மாதம் என் அம்மாவையும் நான்காம் வகுப்பு படிக்கும் மகனையும் அழைத்துக்கொண்டு ஆறு நாட்கள் சிங்கப்பூர் செல்கிறேன். லிட்டில் இந்தியாவில் தங்குகிறோம். வழக்கமான சுற்றுலா இடங்களைப் பற்றி விசாரித்துவிட்டேன். நான் கேட்க வந்தது வேறு. ஆர்ச்சர்ட் சாலையில் இருக்கும் தக்காஷிமாயாவுக்காக ஒரு நாளை ஒதுக்கி, அங்கேயே மதிய உணவையும் முடித்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். ஜப்பானுக்குப் போகும் வசதி இப்போதைக்கு எங்களுக்கு இல்லை. ஒரு ஜப்பானியப் பெருங்கடை எப்படி இருக்கும் என்பதை இங்கேயாவது பார்த்துவிடலாம் என்ற ஆசைதான்.

ஜப்பானில் இத்தகைய கடைகளின் மேல்தளத்தில் குடும்பத்தோடு அமர்ந்து உண்ணும் உணவகம் இருக்கும் என்று படித்திருக்கிறேன். சிங்கப்பூரிலும் அப்படித்தானா? அம்மா முட்டைகூடத் தொடாதவர், மீன் வாடை வந்தாலே எழுந்துவிடுவார். அவர் அங்கே நிம்மதியாக எதைச் சாப்பிட முடியும்? இன்னொன்று, இது அம்மாவின் கவலை: எதையும் வாங்காமல் எல்லாத் தளங்களையும் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தால் கடைக்காரர்கள் முகம் சுளிப்பார்களா? மதுரையில் ஜவுளிக்கடைக்காரர் பத்துப் புடவைகளை விரித்துக் காட்டிய பிறகு வெறுங்கையோடு எழுந்துவர அவருக்கு இன்றும் மனம் வராது.

பொங்கோல்காரன் எழுதியது:

வணக்கம் அம்மா. நான் இங்கே இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வசிக்கிறேன். ஆர்ச்சர்ட் சாலைக்குப் போனால் என் மனைவியின் கால்கள் தாமாகவே 'தாக்கா' பக்கம் திரும்பிவிடும். இங்கே எல்லோரும் அதை அப்படித்தான் அழைக்கிறோம்.

முதலில் வழி. லிட்டில் இந்தியா நிலையத்தில் வடகிழக்குப் பாதையில் ஏறினால் அடுத்த நிறுத்தமே டோபி காட். அங்கே வடக்கு தெற்குப் பாதைக்கு மாறினால் அடுத்தது சாமர்செட், அதற்கடுத்தது ஆர்ச்சர்ட். இரண்டில் எதில் இறங்கினாலும் நடக்கும் தூரம்தான். செந்நிறப் பளிங்குக் கல் பதித்த இரட்டைக் கோபுரங்களோடு நிற்கும் கட்டடத்தின் பெயர் நீ ஆன் சிட்டி. தக்காஷிமாயா அதற்குள் ஒரு பகுதி. மற்றொரு பகுதியில் தனித்தனிக் கடைகள். முதல்முறை வருபவர்கள் முழுக் கட்டடமும் ஒரே கடை என்று எண்ணிக் குழம்புவதுண்டு. 1993இல் திறக்கப்பட்டது. அதற்கு வெகுகாலம் முன்பு அந்த நிலம் தியோச்சியூ சீனர்களின் இடுகாடாக இருந்தது. நிலத்துக்கு உரிய அமைப்பான நீ ஆன் கொங்சி 1845இல் தொடங்கப்பட்டது. அம்மாவிடம் இதை உணவுக்கு முன்பு சொல்ல வேண்டாம்.

இப்போது உணவு. நீங்கள் படித்த மேல்தள உணவகத்தைத் தேடி மின்படியில் ஏறிக்கொண்டே இருக்காதீர்கள். மேசை போட்டுப் பரிமாறும் உணவகங்கள் கட்டடத்தின் வெவ்வேறு தளங்களில் பிரிந்து கிடக்கின்றன, அவற்றில் சீன உணவகங்களும் உண்டு. சிங்கப்பூரர்கள் உணவுக்காகப் போவது நிலத்துக்கு அடியில், இரண்டாம் கீழ்த்தளத்தில். பொட்டலம் கட்டிய சோற்றுப் பெட்டிகள், இனிப்புகள், ரொட்டிகள், வறுவல்கள் என்று முகப்புக்கு முகப்பு வேறு வாசனை. ஜப்பானில் இதற்கு 'தெப்பச்சிக்கா' என்று பெயர். பெருங்கடை என்பதையும் நிலத்தடி என்பதையும் சுருக்கி ஒட்டிய சொல். அந்த நாட்டின் வாடை உங்களுக்கு வேண்டுமென்றால் அதைப் பிடிக்கக்கூடிய இடம் அதுதான்.

உட்கார்ந்து உண்ணும் உணவகத்தில் விலைப்பட்டியலில் எண்ணுக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று பத்து விழுக்காடு சேவைக் கட்டணம். மற்றொன்று பொருள், சேவை வரி, 2024 முதல் ஒன்பது விழுக்காடு. வரி, சேவைக் கட்டணத்தையும் சேர்த்த தொகையின்மேல் விழும். ஆகவே 30 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், என்று போட்டிருந்தால் நீங்கள் கொடுப்பது 35 வெள்ளி 97 காசு. தனியாக அன்பளிப்பு எதுவும் வைக்க வேண்டியதில்லை. தட்டை நாமே எடுத்து உண்ணும் உணவுக்கூடங்களில் இந்தச் சேவைக் கட்டணம் கிடையாது. ஆனால் உண்டு முடித்த தட்டை உரிய இடத்தில் வைத்துவிட்டு எழ வேண்டும், இங்கே அது சட்டம்.

பொருள் வாங்கினால் கடவுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள். வரி உட்பட 100 வெள்ளிக்குக் குறையாமல் வாங்கியிருந்தால், சுற்றுப்பயணிகள் விமான நிலையத்தில் வரியைத் திரும்பக் கேட்கலாம். வயிற்றுக்குள் போனதற்குக் கிடைக்காது.

கன்சாய்த் தமிழன் எழுதியது:

நான் ஒசாகாவில் வேலை பார்க்கிறேன். சிங்கப்பூர்க் கடையைப் பற்றி மேலே நண்பர் சொல்லிவிட்டதால், அம்மாவின் கவலையிலிருந்து தொடங்குகிறேன். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி அது.

ஜப்பானியப் பெருங்கடைகளில் பழையவை பெரும்பாலும் துணிக்கடைகளாகப் பிறந்தவை. தக்காஷிமாயா 1831இல் கியோத்தோவில் ஒரு சிறிய துணிக்கடையாகத் தொடங்கியது. மிட்சுகோஷியின் மூலம் 1673இல் எதோவில், அதாவது இன்றைய தோக்கியோவில், தொடங்கிய எச்சிகோயா என்ற பட்டுத்துணிக் கடை. அந்தக் காலத்தில் வாடிக்கையாளர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாய்மேல் அமர்வார். கடைப் பணியாளர் உள்ளேயிருந்து துணிகளைக் கொண்டுவந்து முன்னால் விரிப்பார். உங்கள் அம்மாவுக்குத் தெரிந்த புடவைக்கடை முறையேதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அதை மாற்றி, பொருள்களைக் கண்ணாடிப் பேழைகளில் அடுக்கி, வருபவர் தாமே நடந்து பார்க்கும்படி செய்தார்கள். 1923இன் பெரும் நிலநடுக்கத்துக்குப் பின் கட்டிய கடைகளில் செருப்பைக் கழற்றும் வழக்கமும் போயிற்று. வாங்கும் எண்ணமே இல்லாதவரும் உள்ளே வந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்பதற்காகவே உருமாறிய கடையில், வாங்காமல் போகிறோமே என்று வருந்த இடமில்லை என அவரிடம் சொல்லுங்கள்.

உணவகமும் இதே கணக்கில் வந்ததுதான். மேல்தளத்தில் உணவகத்தையும் கண்காட்சியையும் வைத்தால், உண்ண வந்த குடும்பம் இறங்கும்போது ஒவ்வொரு தளமாகப் பார்த்துக்கொண்டே இறங்கும். மேலிருந்து நீர் வழிவதைப்போலக் கூட்டம் வழிவதால் வணிகர்கள் இதற்கு 'ஷவர்' குளியலின் பெயரையே வைத்திருக்கிறார்கள். கீழ்த்தளத்து உணவுக்கூடத்தால் கூட்டம் மேலே ஏறினால் அது நீரூற்று. சிங்கப்பூரில் நீங்கள் காணப்போவது இரண்டாவது வகை.

ஒசாகாவின் உமேதா நிலையத்தில் 1929இல் ரயில் நிறுவனமே திறந்த ஹன்கியூ பெருங்கடையின் உணவகத்தைப் பற்றி இங்கே இன்னும் பேசுவார்கள். பொருளாதார மந்தம் வந்தபோது மக்கள் வெறும் சோற்றை மட்டும் வாங்கி, மேசையில் இலவசமாக இருந்த சாஸை ஊற்றிப் பிசைந்து உண்டார்கள். நிறுவனர் கோபயாஷி இச்சிசோ அவர்களை விரட்டவில்லை. சோறு மட்டும் வாங்குவோரையும் வரவேற்கிறோம் என்று அறிவிக்கச் செய்தார். 1930இல் தோக்கியோவின் நிஹோன்பாஷி மிட்சுகோஷியில் குழந்தைகளுக்கென்று ஒரு தட்டு வந்தது: மலைபோலக் குவித்த சோற்றின் உச்சியில் ஒரு சிறு கொடி. இன்றும் ஜப்பான் முழுவதும் குழந்தைகள் அந்தக் கொடிக்காகவே அடம்பிடிக்கிறார்கள். உங்கள் மகனுக்கு அது சிங்கப்பூரில் கிடைக்குமா என்பதைக் கடையில்தான் கேட்க வேண்டும்.

இனி எச்சரிக்கை. ஜப்பானியச் சமையலில் மீன் கண்ணுக்குத் தெரியாது, வாடையும் வராது. ஆனால் 'தாஷி' என்ற சாற்றின் வழியாக எங்கும் இருக்கும். உலர்த்திய மீனைச் சீவி, கடற்பாசியோடு வெந்நீரில் ஊறவைத்து வடித்தது அது. மிசோ சூப், நூடுல்ஸ் குழம்பு, காய்கறி வறுவலைத் தொட்டுக்கொள்ளத் தரும் சாறு, இனிப்பான பொரித்த தோஃபுவில் சோறு அடைத்த இனாரி ஆகிய எல்லாவற்றிலும் அது வழக்கமாக உண்டு. 'கரி ரைஸ்' என்ற குழம்புச் சோற்றின் கட்டிக் குழம்பில் விலங்குக் கொழுப்பு இருக்கலாம். காய்கறி வறுவலின் மாவில் முட்டை இருக்கும். நான் வந்த புதிதில் ஓர் உணவகத்தில் ஆறு மாதம் 'சைவ' நூடுல்ஸ் உண்டு, பிறகுதான் உண்மை தெரிந்து தலையில் கைவைத்தேன். ஏமாற்றியவர் யாரும் இல்லை. மீன் துண்டு இல்லையென்றால் அது மீன் உணவு இல்லை என்பது அவர்களின் எண்ணம்.

வல்வை மகள் எழுதியது:

கன்சாய்த் தமிழன் சொல்லும் உலர்த்திய மீன் எங்களுக்குப் புதியதல்ல. அது சூரை மீன். அதே மீனை அவித்து, புகையூட்டி, கட்டைபோல் காயவைத்ததைத்தான் நாங்கள் மாசிக்கருவாடு என்கிறோம். மாலைத்தீவிலும் மினிக்காயிலும் அதுவே பெரும் தொழில். ஜப்பானியர் அதற்குமேல் பூஞ்சையும் படியவைத்து இன்னும் இறுக்குகிறார்கள். கொழும்பில் சீனிச்சம்பல் வெங்காயமும் சீனியும் மட்டும் என்று நம்பி உண்டுவிட்டு, பிறகு மாசி இருந்ததை அறிந்து கலங்கிய மரக்கறிக்காரர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன். எனவே உங்கள் அம்மாவுக்குத் 'தாஷி' என்று விளக்காமல், மாசி போட்ட சாறு என்று சொன்னால் ஒரு நொடியில் விளங்கும்.

திருநகர்வாசி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. ஜவுளிக்கடை வரலாற்றை வாசித்துக் காட்டியதும் அம்மாவின் முகத்தில் தெளிவு வந்துவிட்டது. மாசிச் செய்தியால் அது பாதி போய்விட்டது. அப்படியானால் அவர் துணிந்து உண்ணக்கூடியவை எவை என்று சொல்வீர்களா? கடையில் என்ன சொல்லிக் கேட்பது?

கன்சாய்த் தமிழன் எழுதியது:

வெள்ளரிக்காயை நடுவில் வைத்துச் சுருட்டிய சோற்றுச் சுருள், உப்பிட்டு அவித்த பச்சைச் சோயா, வெறும் சோறு, எள். இனிப்புகளில் சிவப்புப் பயற்றுப் பூரணம் வைத்த அரிசிமாவு உருண்டையான தைஃபுக்கு. ஏறக்குறைய நம் கொழுக்கட்டைதான், தேங்காய் இல்லாமல். பளபளவென்று ஆடும் இனிப்புகளில் கேட்டுக்கொள்ளுங்கள்: கடற்பாசியில் உறைந்தது என்றால் கவலையில்லை, ஜெலட்டின் என்றால் வேண்டாம்.

கேட்கும்போது 'இது சைவமா' என்று மட்டும் கேட்காதீர்கள், ஆம் என்ற பதில்தான் வரும். சாற்றில் மீன் இருக்கிறதா என்று தனியாகவும், முட்டை இருக்கிறதா என்று தனியாகவும் கேளுங்கள். பௌத்த மடங்களின் ஷோஜின் என்ற சமையலில் மீன் சாறுகூடக் கிடையாது, வெங்காயமும் பூண்டும்கூட இல்லை. அதைப் பரிமாறும் இடம் கண்ணில் பட்டால் யோசிக்காமல் நுழையுங்கள். சோற்றுக் கிண்ணத்தில் குச்சிகளைச் செங்குத்தாகக் குத்தி வைக்க வேண்டாம் என்று மகனிடம் சொல்லிவையுங்கள்; இறந்தவருக்குப் படைக்கும் சோற்றில்தான் அப்படிச் செய்வார்கள்.

திருநகர்வாசி எழுதியது:

திரும்பி வந்து நான்கு நாட்கள் ஆகின்றன. சொல்லாமல் விட்டால் நன்றி கெட்டவளாவேன் என்பதால் எழுதுகிறேன்.

மேசை போட்ட உணவகத்துக்கு நாங்கள் போகவேயில்லை. கீழ்த்தளத்திலேயே ஒன்றரை மணி நேரம் ஓடிவிட்டது. 'சாற்றில் மீன் உண்டா' என்று நான்கு முகப்புகளில் கேட்டேன். மூன்றில் உண்டு என்று தயங்காமல் சொன்னார்கள், நான்காவதில் இருந்த பெண் உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்து உண்டு என்றார். அம்மா வெள்ளரிச் சுருளையும் அவித்த சோயாவையும் உண்டு, பொதுவாக நன்றாகத்தான் இருக்கிறது, ஊறுகாய் இருந்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்றார். மகனுக்குக் கொடி கிடைக்கவில்லை. பிளாஸ்டிக்கில் அச்சு அசலாகச் செய்த நூடுல்ஸ் கிண்ணம் ஒன்றை ஓர் உணவகத்தின் வாசல் கண்ணாடிக்குள் பார்த்தவன், கிண்ணத்துக்கு மேலே அந்தரத்தில் நிற்கும் குச்சி எப்படி விழாமல் இருக்கிறது என்று ஊர் வந்து சேரும்வரை கேட்டுக்கொண்டே வந்தான்.

மேல்தளங்களில் அம்மா ஒரு பொருளையும் தொடாமல், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கோயில் பிராகாரத்தைச் சுற்றுவதுபோல நிதானமாகச் சுற்றி வந்தார். யாரும் எதுவும் சொல்லவில்லை. நாங்கள் வாங்கியவை இனிப்புகள் மட்டுமே. அவற்றை விற்ற பெண் காகிதத்தின் மூலையிலிருந்து தொடங்கி, பெட்டியை உருட்டி உருட்டி, ஒரே ஒரு ஒட்டுத்தாளோடு மடித்து முடித்த விதத்தைப் பார்த்துவிட்டு, அம்மா இன்னொரு பெட்டியும் வாங்கச் சொன்னார்.

அடுத்துப் போகிறவர்களுக்கு ஒரு தகவல்: தைஃபுக்கை ஊருக்கு வாங்கி வராதீர்கள். மூன்றாம் நாள் பிரித்தபோது பழைய கொழுக்கட்டை போலவே இறுகியிருந்தது. அம்மா அதை இட்லிப் பாத்திரத்தில் ஐந்து நிமிடம் ஆவியில் வைத்தார். மறுபடியும் மென்மையாகிவிட்டது, ஆனால் வடிவம் போய்விட்டது.