பினாங்கில் பிறந்தவர்கள்

ஜெலுத்தோங் குடும்பம் (வாட்ஸ்அப் குழு)
செவ்வாய், 4 நவம்பர் 2025

லோகன் [இரவு 7:48]: பெரியப்பா, செய்தி பார்த்தீர்களா? நம்ம மலேசியக் காற்பந்துச் சங்கத்தின் மேல்முறையீட்டையும் ஃபீஃபா தள்ளிவிட்டது. வெளிநாட்டில் பிறந்து நம்ம டீமில் ஆடிய ஏழு பேருக்கும் போலிப் பத்திரத்துக்காகப் போட்ட 12 மாதத் தடை அப்படியே நிற்கிறது. சங்கத்துக்குப் போட்ட 350,000 சுவிஸ் ஃபிராங்க் அபராதமும் குறையவில்லை. நம்ம காசுக்கு 1.8 மில்லியன் ரிங்கிட் பக்கம் வரும்.

பெரியப்பா [7:51]: நேற்றே பார்த்துவிட்டேன் தம்பி. ராத்திரி சரியாகச் சாப்பிடவே பிடிக்கவில்லை.

சித்தப்பா [7:53]: அண்ணே, இதற்குப் போய் ஏன் உடம்பைக் கெடுத்துக்கொள்கிறீர்கள்? எனக்கு இந்த டீமே வேண்டாம் என்று ஆகிவிட்டது. ஜூன் மாதம் வியட்நாமை 4-0 அடித்தபோது நான் மாமாக் சாப்பாட்டுக் கடையில் மேசை மேல் ஏறாத குறை. 2014-க்கு அப்புறம் அவர்களை நாம் ஜெயித்ததே இல்லை. இப்போது அந்த ராத்திரியை நினைத்தாலே கசக்கிறது. முதல் இரண்டு கோல் ஃபிகெய்ரெடோவும் ஹோல்காடோவும் போட்டது. இரண்டு பேரும் அந்த ஏழு பேரில் இருக்கிறார்கள்.

தர்ஷன் [7:55]: அப்பா, அப்புறம் போட்ட இரண்டு கோல் கோர்பின்-ஓங்கும் டியன் கூல்ஸும். அது நம்ம கோல்தானே.

சரசு அத்தை [7:58]: எனக்கு ஒன்று விளங்கவில்லை. வெளிநாட்டுக்காரர்களை ஆடவிட்டதுதான் தப்பா?

கவிதா [8:02]: இல்லை அத்தை. வெளிநாட்டில் பிறந்தாலும், அப்பா அம்மாவோ தாத்தா பாட்டியோ இந்த நாட்டில் பிறந்திருந்தால் போதும். குடியுரிமை எடுத்துக்கொண்டு ஆடலாம். ஃபீஃபா விதியே அப்படித்தான். இங்கே பிரச்சினை தாத்தா பாட்டியின் பிறப்புப் பத்திரம். சங்கம் அனுப்பிய தாளில் ஒரு ஊர், ஃபீஃபா அந்தந்த நாட்டிலிருந்து நேராக வாங்கிப் பார்த்த அசல் பதிவில் வேறு ஊர். ஏழு பேருக்குமே அப்படி. அசலில் இருப்பது அர்ஜென்டினா, பிரேசில், ஸ்பெயின், நெதர்லாந்து.

கவிதா [8:04]: போன மாதம் ஃபீஃபா வெளியிட்ட தீர்ப்பை முழுக்கப் படித்தேன். கார்செஸ், ஹோல்காடோ, மச்சூகா மூவரும் அர்ஜென்டினாக்காரர்கள். அவர்கள் தாத்தா பாட்டி பிறந்த இடம் என்று போட்டிருந்தது எந்த ஊர் தெரியுமா? பினாங்கு.

சரசு அத்தை [8:05]: நம்ம பினாங்கா?

கவிதா [8:05]: நம்ம பினாங்குதான் அத்தை.

பெரியப்பா [8:17]: அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. கவிதா, தர்ஷன், உங்கள் இருவருக்கும் இது முழுக்கத் தெரியாது, சொல்கிறேன். உங்கள் பாட்டி பிறந்தது பினாங்கின் செபராங் பிறையில் ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். மருத்துவச்சி பார்த்த பிரசவம். பிறப்புப் பத்திரம் எடுக்க வேண்டும் என்று அந்தக் காலத்தில் தோட்டத்தில் யாருக்கும் தெரியாது. இந்த மண்ணை விட்டு ஒரு நாள் வெளியே போகாத மனுஷி, தலை நரைக்கும்வரை குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு ஐசியோடுதான் (அடையாள அட்டை) இருந்தார். அவரிடம் இருந்த ஒரே அத்தாட்சி, தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) நீல மையில் கைப்பட எழுதிக் கொடுத்த ஒரு தாள். நாலாக மடித்து மடித்து, மடிப்பு விழுந்த இடமெல்லாம் எழுத்து அழிந்துபோயிருந்தது. பிஸ்கட் டின்னுக்குள் துணியில் சுற்றி வைத்திருப்பார். நான்தான் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவேன். கவுண்டரில் அந்தத் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இது போதாது, நீங்கள் பிறந்தபோது பார்த்த சாட்சி யாராவது உயிரோடு இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்பார்கள். எழுபது வயதுக்காரரின் பிரசவத்தைப் பார்த்த ஆளை நான் எங்கே போய்த் தேடுவேன்?

பெரியப்பா [8:20]: இங்கே பிறந்தவருக்குப் பினாங்கில் பிறந்தேன் என்று நிரூபிக்க அவ்வளவு பாடு. இங்கே பிறக்காதவர்களுக்கு அதே பினாங்கை ஒரு தாளில் எழுதிவிட்டார்கள். தடையும் அபராதமும் ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்கு வலிப்பது இந்த இடத்தில்தான்.

லோகன் [8:22]: பெரியப்பா, பாட்டி ஐசி விஷயம் இவ்வளவு எனக்கே தெரியாது.

சரசு அத்தை [8:24]: குடிமக்களுக்கான நீல ஐசி கைக்கு வந்த அன்று அம்மா அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, அண்ணே.

சித்தப்பா [8:27]: இவ்வளவு தெரிந்தும் நீங்கள் இந்த டீமை விடமாட்டேன் என்கிறீர்களே?

பெரியப்பா [8:39]: விடமாட்டேன். 1980-ல் மெர்டேக்கா ஸ்டேடியத்தில் தென் கொரியாவை 2-1 என்று அடித்து மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றோம். கோலில் ஸ்பைடர்மேன் ஆறுமுகம், தடுப்பில் சந்தோக் சிங்கும் சோ சின் ஆனும். ஜேம்ஸ் வோங் போட்ட அந்தக் கடைசி கோலுக்குத் தெருவே கத்தியது. அப்புறம் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் புகுந்த விவகாரத்தில் நம் நாடும் ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது, பையன்கள் போகவில்லை. அப்போதும் அழுதோம், ஆனால் தலைகுனியவில்லை. 2010-ல் ராஜகோபால் பயிற்சியில் தென்கிழக்கு ஆசிய நாடுகளின் ஏஎஃப்எஃப் கிண்ணம். இந்தோனேசியாவைக் கோலாலம்பூர் புக்கிட் ஜாலில் அரங்கத்தில் 3-0 அடித்து, ஜகார்த்தாவில் 2-1 தோற்றும் கிண்ணத்தோடு வந்தார்கள். எல்லாரும் இங்கேயே வளர்ந்த பையன்கள். இந்த டீமை ஆறுமுகம் மாதிரி ஆட்களும் சேர்ந்துதான் கட்டினார்கள். நாலு பேர் அறைக்குள் உட்கார்ந்து ஒரு தாளை மாற்றினார்கள் என்பதற்காக நான் ஏன் அதை விட்டுக்கொடுக்க வேண்டும்?

சித்தப்பா [8:43]: நான் கட்சி மாறவில்லை அண்ணே. டிக்கெட் வாங்கி உள்ளே உட்கார்ந்தால், நடந்ததற்கு நானும் சரி என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். ஒரு ஊழியர் செய்த தொழில்நுட்பத் தவறு என்று சங்கம் சொன்னதே, அதைக் கேட்டபோது வந்த கோபம் இன்னும் போகவில்லை. ஏழு பேருக்கும் ஒரே மாதிரியா தவறு நடக்கும்?

கவிதா [8:46]: சித்தப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது. முன்னாள் தலைமை நீதிபதி ராவுஸ் ஷரிஃப் தலைமையில் விசாரணைக் குழு போட்டிருக்கிறார்கள். இப்போது விளையாட்டு நடுவர் நீதிமன்றத்துக்கும் போகப் போகிறார்களாம். அங்கே தண்டனை குறைகிறதோ இல்லையோ, அந்தத் தாள்களைத் தயார் செய்தது யார் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். ஆட்டக்காரர்கள் ஏழு பேரும் ஒரு வருஷம் தொழிலை இழக்கிறார்கள். பத்திரம் தயாரித்தவர் யார் என்று இன்னும் நமக்கு யாரும் சொல்லவில்லை.

பெரியப்பா [8:48]: அந்தப் பெயர் வெளியே வரணும். அதில் நானும் உன் சித்தப்பாவும் ஒரே பக்கம்.

தர்ஷன் [8:50]: பெரியப்பா, எங்கள் பள்ளி டீமில் நான் லெஃப்ட் பேக், இடது பக்கத் தடுப்பு. தேசிய டீமில் ஆடும் ருவென்திரனும் அதே இடம்தான் என்று எங்களுக்குள் பெருமையாகப் பேசிக்கொள்வோம். அந்த ஏழு பேரும் வந்து ஜெயித்தபோது நாங்களும் கத்தினோம். ஆனால் பயிற்சி முடிந்து பூட்ஸ் கழற்றும்போது ஒரு பையன் கேட்டான், இனிமேல் நமக்கெல்லாம் இடம் இருக்குமா என்று. யாராலும் பதில் சொல்ல முடியவில்லை.

லோகன் [8:55]: தம்பி, நியாயமான கேள்விதான். உள்ளூர் லீக்கைப் பார். பேராக், ஸ்ரீ பகாங், கெடா மூன்று டீமுமே இந்தப் பருவம் மலேசிய சூப்பர் லீக்கில் இல்லை. பெட்டாலிங் ஜெயா சிட்டி 2022-ல் உள்ளூர்க்காரர்களை மட்டும் வைத்து ஆடியது, மணியம்தான் கோச். அந்தப் பருவத்தோடு அதுவும் விலகிவிட்டது. ஒரு கிளப் மூடினால் இருபது முப்பது உள்ளூர்ப் பையன்களுக்குச் சோறு போகிறது. தாத்தா பாட்டியைத் தேடி அர்ஜென்டினா வரை போனவர்கள், அந்தச் செலவில் பாதியை இங்கே திடலுக்குச் செய்திருக்கலாம்.

சரசு அத்தை [8:59]: எல்லாரும் இப்படி முகத்தைத் தொங்கப் போட்டால் எப்படி? ஆகஸ்டில் பாரிஸில் பேர்லி தானும் தீனா முரளிதரனும் உலகப் பூப்பந்துப் போட்டி ஃபைனல் ஆடினார்களே. நம்ம நாட்டுப் பெண்கள் இரட்டையரில் அது வரைக்கும் போன முதல் ஜோடி. சீனாக்காரிகளிடம் தோற்றுத்தான் வெள்ளி, இருந்தாலும் நான் அன்றைக்குச் சோறு கூட வைக்காமல் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன். கலப்பு இரட்டையரில் சென் தாங் ஜியும் தோ ஈ வெய்யும் தங்கமே வாங்கினார்கள்.

கவிதா [9:01]: தீனா நெட்டில் நின்று தட்டும் அந்த வேகம்! எனக்கும் அவர்தான் உயிர் அத்தை.

பெரியப்பா [9:04]: அந்தப் பெண்களைப் பற்றிப் பேசினால் எனக்கும் மனசு நிறைகிறது. ஆனால் காற்பந்தைப் பேசவிடு சரசு, இன்னும் முடியவில்லை. தர்ஷன், அக்டோபரில் லாவோஸை அங்கே போய் 3-0, புக்கிட் ஜாலிலில் 5-1 அடித்தார்களே, அந்த ஏழு பேரில் ஒருவர் கூட இல்லை. லாவோஸ் பெரிய டீம் இல்லை, தெரியும். இருந்தாலும் தடை வந்த கையோடு, ஊரே திட்டும்போது, மீதி இருந்தவர்கள் இறங்கி ஆடினார்கள். உன் சிநேகிதனிடம் அதைச் சொல். கூச்சிங்கில் பிறந்து பெல்ஜியத்தில் வளர்ந்த கூல்ஸ் ஆடட்டும், சந்தோஷம். உண்மையிலேயே இந்த மண்ணின் பேரப்பிள்ளையாக இருந்தால் அர்ஜென்டினாவிலிருந்தும் வரட்டும், நானே கைதட்டுவேன். எனக்கு வேண்டியது உண்மையான தாள் மட்டும்தான்.

பெரியப்பா [9:06]: லோகன், 18ஆம் தேதி நேப்பாளத்தோடு ஆட்டம் புக்கிட் ஜாலிலில்தானே?

லோகன் [9:07]: ஆமாம் பெரியப்பா. கணக்குப்படி அது நேப்பாளத்தின் ஹோம் மேட்ச், இங்கே வைத்து ஆடுகிறார்கள். வருகிறீர்களா?

பெரியப்பா [9:08]: வருகிறேன். அரங்கம் காலியாகக் கிடந்தால் அது ஆடுகிற பையன்களுக்குத்தான் தண்டனை. தர்ஷனையும் கூட்டிக்கொண்டு வரலாமா?

சரசு அத்தை [9:10]: அண்ணே, அது செவ்வாய்க்கிழமை. பள்ளிக்கூடம் இருக்கிறது.

தர்ஷன் [9:10]: அப்பா ப்ளீஸ்.

சித்தப்பா [9:19]: நான் வரமாட்டேன், அந்தப் பெயர் வெளியே வரும்வரை. அது என் முடிவு. பையன் போகட்டும், ஆசிரியரிடம் நானே பேசிக்கொள்கிறேன். அண்ணே, அவனை நடு அடுக்கில் உட்கார வையுங்கள், லெஃப்ட் பேக் எங்கே நிற்கிறார் என்று முழுசாகத் தெரியும்.

பெரியப்பா [9:21]: சரி. 17ஆம் தேதி காலை ஃபெர்ரியில் பட்டர்வொர்த் போய் இடிஎஸ் ரயில் பிடிக்கிறோம். லோகன், கேஎல் சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு வந்துவிடு.

லோகன் [9:22]: வந்துவிடுகிறேன். மூன்று டிக்கெட் இப்போதே பார்க்கிறேன்.

சரசு அத்தை [9:24]: அங்கே ராத்திரி மழை பெய்யும். தர்ஷனுக்கு மழைக்கோட்டு எடுத்து வையுங்கள்.